முதல் காசு பிரேக்குக்கு

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெருத் தம்பி ஒருவன் வீட்டுக்கு வந்தான். கையில் புதிதாக வாங்கிய 32 செ.மீ. ஸ்டியரிங் ரிம், அதாவது கையால் பிடிக்கிற வளையம். ஸ்வேட் தோல் போர்த்தியது, உச்சியில் மஞ்சள் கோடு, பார்க்க அவ்வளவு அழகு. அவனிடம் இருப்பது லாஜிடெக் ஜி29, கார் பந்தய கேம் ஆடுவதற்கான ஸ்டியரிங் வீலும் பெடலும் சேர்ந்த செட். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் மிச்சம் பிடித்து, பழையதாக வாங்கியது. "அண்ணா, இதை மாட்டணும், உங்ககிட்ட டிரில் இருக்குல்ல?" என்று கேட்டான். டிரில் இருக்கிறது. ஆனால் மாட்டுவதற்கு முன்னால் அவனை உட்காரவைத்து ஒரு மணி நேரம் பேசினேன். பேசியதை இங்கே எழுதிவைக்கிறேன். இதே கேள்வியோடு இன்பாக்ஸில் வருபவர்கள் நிறையப் பேர்.

ஆரம்ப நிலை வீலில் காசு போடுவதென்று முடிவு செய்துவிட்டால், முதல் காசு பிரேக் பெடலுக்குப் போக வேண்டும். அடுத்த காசு, பெடலும் நாற்காலியும் அசையாமல் நிற்பதற்கு. ரிம்முக்கு ஒரு ரூபாய்கூட வேண்டாம். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ரிம் ஏன் வேண்டாம்? கேமில் வண்டிக்கு நடப்பதைக் கைக்கு உணர்த்த வீலுக்குள் ஒரு மோட்டார் இருக்கிறது. ஜி29 மோட்டார் கொடுக்கிற முறுக்குவிசை சுமார் 2 நியூட்டன் மீட்டர்தான். அதனோடு வரும் ரிம்மின் விட்டம் ஏறக்குறைய 26 செ.மீ. கணக்குப் போட்டால், விளிம்பைப் பிடித்திருக்கும் கைக்கு வந்து சேர்வது ஒன்றரைக் கிலோ எடை இழுக்கிற அளவு விசை. அதே மோட்டாரில் 32 செ.மீ. ரிம்மை மாட்டினால் அதில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். போதாததற்குப் பெரிய ரிம் கனமாக வேறு இருக்கும். பின் டயர் வழுக்கத் தொடங்கும்போது வருகிற சின்ன அதிர்வு அந்தக் கனத்திலேயே அமுங்கிவிடும். அந்த அதிர்வை நம்பித்தானே வண்டியைப் பிடிக்கிறோம்? மோமோ, ஸ்பார்கோ போன்ற நிறுவனங்களின் நிஜக் கார் ரிம்களில் 70 மி.மீ. வட்டத்தில் ஆறு போல்ட் என்பது பரவலான அளவு. அதற்கான அடாப்டர் பிளேட்டும் கிடைக்கிறது. அதனால்தான் ஆசை வருகிறது. மாட்டிய பிறகுதான் பட்டன்களும், விரலால் கியர் மாற்றுகிற பேடில் ஷிஃப்டரும் பழைய ரிம்மோடு போய்விட்டது தெரியும். அப்புறம் ஒயரை வெட்டி ஒட்டுகிற வேலை.

இப்போது பிரேக்குக்கு வருகிறேன்.

நிஜக் காரில் பிரேக் மிதிக்கும்போது கால் உணர்வது அழுத்தத்தை. மிதி கொஞ்சம் இறங்கும், அதற்குப் பிறகு எண்ணெயின் எதிர்ப்புதான். எவ்வளவு அழுத்துகிறோமோ அவ்வளவு பிரேக். ஆரம்ப நிலை பெடல்களில் இருப்பதோ பொட்டென்ஷியோமீட்டர். அது பார்ப்பது பெடல் எவ்வளவு தூரம் இறங்கியது என்பதை மட்டும். கால் எவ்வளவு பலமாக மிதித்தது என்பது அதற்குத் தெரியவே தெரியாது. நம் காலுக்கு அழுத்தம் நன்றாக நினைவிருக்கும், தூரம் அப்படி நினைவிருக்காது. நேற்று எவ்வளவு பலமாக மிதித்தோமோ அதே பலத்தில் இன்றும் மிதித்துவிடலாம். மூன்றரை செ.மீ. மட்டும் இறக்கு என்றால் இரண்டு தடவை ஒரே மாதிரி வராது.

ஜி29இல் இது இன்னும் சிக்கல். பிரேக் ஸ்பிரிங்குக்குள் ஒரு ரப்பர் துண்டு வைத்திருக்கிறார்கள். பாதி இறங்கியதும் பெடல் அதில் முட்டிக் கடினமாகும். நிஜ பிரேக்கின் அழுத்தத்தைக் கொண்டுவரச் செய்த ஏற்பாடு, எண்ணம் நல்லதுதான். ஆனால் சென்சார் இன்னும் தூரத்தையேதான் அளக்கிறது. ரப்பரில் முட்டியபின் கால் இரண்டு மடங்கு அழுத்தினாலும் பெடல் சில மில்லிமீட்டர்தான் நகரும். பிரேக்கின் கடைசிப் பகுதி முழுவதும் அந்தச் சில மில்லிமீட்டருக்குள் அடைபட்டுக் கிடக்கிறது. முழு பிரேக் எட்டவில்லை என்று பலர் அந்த ரப்பரையே கழற்றி வீசிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் நூறு சதவீதம் எட்டும், ஆனால் பெடல் ஸ்பாஞ்சை மிதிப்பது போல ஆகிவிடும். சிலர் ரப்பருக்குப் பதில் கடினமான ஸ்பிரிங் வாங்கிப் போடுகிறார்கள். அது பரவாயில்லை, மலிவும்கூட. ஆனால் அளப்பது தூரத்தைத்தான் என்பது மாறவில்லை.

அதை மாற்றுவது லோட் செல். மளிகைக்கடை எலக்ட்ரானிக் தராசுத் தட்டுக்கு அடியில் இருக்குமே ஓர் அலுமினியக் கட்டை, அதேதான். ஒரு முனையைப் பூட்டிவிட்டு மறுமுனையை அழுத்தினால் கட்டை கண்ணுக்குத் தெரியாத அளவு வளையும். அதன்மேல் ஒட்டியிருக்கும் ஸ்ட்ரெய்ன் கேஜ் என்ற மெல்லிய பட்டைகளின் மின்தடை அதற்கேற்ப மாறும். மிகச் சின்ன மாற்றம் என்பதால் எச்எக்ஸ்711 என்ற சிப் அதைப் பெருக்கி எண்ணாக்கித் தரும். அந்த எண்ணை ஆர்டுயினோ லியோனார்டோ என்ற சின்ன எலக்ட்ரானிக் போர்டு வாங்கி, கணினிக்குக் கேம் கன்ட்ரோலராகவே தன்னைக் காட்டிக்கொள்ளும். வெளிநாட்டில் இதையே அழகான கிட்டாகச் செய்து விற்கிறார்கள். நல்ல பொருள்தான். ஆனால் கூரியர் கட்டணமும் சுங்க வரியும் சேர்ந்தால் நம் ஊர் ஆளுக்குக் கட்டுப்படியாகாது. நான் சென்னை எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவில் 40 கிலோ லோட் செல்லும் மற்ற சாமான்களும் வாங்கினேன். பழைய வண்டிச் சாமான் விற்கிற புதுப்பேட்டையில் பைக் ஷாக் அப்சார்பர் ரப்பர் புஷ் நான்கைந்து பொறுக்கி எடுத்தேன். எல்லாம் சேர்த்து இரண்டாயிரம் ரூபாய் ஆகவில்லை. ஸ்பிரிங் போய் முட்டுகிற இடத்தில் புஷ்ஷையும் அதன் பின்னால் லோட் செல்லையும் வைத்துப் பூட்டினேன். பக்கத்து லேத் பட்டறை அண்ணன் ஒரு பிராக்கெட் செய்துகொடுத்தார்.

இதில் எல்லோரும் தவறவிடுகிற ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், நானும் மூன்று நாள் தவறவிட்டேன். எச்எக்ஸ்711 தராசுக்காகச் செய்த சிப். கடையில் கிடைக்கும் போர்டுகள் பெரும்பாலும் நொடிக்கு 10 தடவைதான் அளக்கும். வெங்காயம் நிறுக்க அது போதும். மணிக்கு 250 கி.மீ. வேகத்தில் நொடியில் பத்தில் ஒரு பங்கு என்பது கிட்டத்தட்ட 7 மீட்டர்! ஒரு தடவை அளந்து அடுத்த தடவை அளப்பதற்குள் வண்டி 7 மீட்டர் போய்விடுகிறது. சிப்பில் ரேட் என்று ஓர் இணைப்புக் கால் (பின்) இருக்கிறது. அதை கிரவுண்ட் இணைப்பிலிருந்து பிரித்து மின்சப்ளை இணைப்புக்கு மாற்றினால் நொடிக்கு 80 தடவை அளக்கும். 7 மீட்டர் ஒரு மீட்டருக்கும் கீழே வந்துவிடும்.

இது சரியான அன்று இரவு அசெட்டோ கோர்ஸா கம்பெடிசியோனே என்ற பந்தய கேமில் இத்தாலியின் மோன்சா தடத்தை ஓட்டினேன். நேர்ப்பாதை முடிவில் முதல் சிக்கேன், வேகத்தைக் குறைக்க வைக்கிற இரட்டை வளைவு, அங்கேதான் எப்போதும் டயர் பூட்டிக்கொண்டு நேராகப் போய்விடுவேன். அன்று முதல் முறையாக, பலமாக மிதித்துவிட்டு, வண்டி வளைவில் திரும்பும்போது காலைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்க முடிந்தது. கண்ணால் திரையைப் பார்த்துச் செய்யவில்லை, காலே செய்தது. என் சிறந்த நேரம் பெரிதாக மாறவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பத்துச் சுற்றில் மூன்று கெட்டுப்போவது நின்றது. எனக்கு அது போதும்.

அடுத்தது நாற்காலி. லோட் செல்லை 25, 30 கிலோவுக்கு மிதிக்க ஆரம்பித்ததும் சக்கரம் வைத்த ஆபீஸ் நாற்காலி பின்னால் ஓடும். பெடல் முன்னால் வழுக்கும். நான் முதலில் பெடலைப் பலகையில் சரியாகப் பூட்டாமல் மிதித்ததில் அடிப்பகுதி பிளாஸ்டிக்கில் கீறல் விழுந்தது. தவறு என்னுடையது. வெல்டிங் பட்டறையில் ஒன்றரை அங்குலச் சதுர பைப்பில் ஒரு ஃபிரேம், புதுப்பேட்டையில் பழைய மாருதி சீட் ஒன்று, இரண்டையும் சேர்த்துப் பூட்டினேன். அதற்கு வசதி இல்லாதவர்கள் பெடல் பலகையைச் சுவரில் முட்டுக்கொடுத்து, நாற்காலியையும் பலகையையும் நைலான் கயிற்றால் இறுக்கிக் கட்டுங்கள். நிஜமாகவே வேலை செய்யும். உங்கள் இருக்கை எவ்வளவு தாங்குமோ அதற்கு மேல் பிரேக்கைக் கடினமாக்காதீர்கள்.

காசே செலவில்லாமல் ஒன்று: மோட்டாரின் விசை பல்சக்கரம் (கியர்) வழியாக வருகிற ஜி29 போன்ற வீல்களில் நடுப்பகுதியில் லேசான விசை கைக்கு வராமலே போகும். அசெட்டோ கோர்ஸாவில் அதைச் சரிக்கட்ட எல்யூடி ஃபைல் என்ற விசைத் திருத்த அட்டவணையை உருவாக்கிக்கொள்ளலாம், இலவசம். ஐரேசிங் என்ற கேமில் மினிமம் ஃபோர்ஸ் என்ற அமைப்பு இருக்கிறது. ரிம்முக்குக் காசு எடுப்பதற்கு முன்னால் இதையாவது செய்து பாருங்கள். பிளேஸ்டேஷனில் ஆடுபவர்கள் மட்டும் கவனம், தனி யூஎஸ்பி பெடலைக் கன்சோல் நேரடியாக ஏற்காது. வீலின் பெடல் சாக்கெட்டிலேயே செருகும் வகை லோட் செல் கிட் பார்த்து வாங்க வேண்டும்.

"இதுக்கெல்லாம் செலவு பண்றதுக்குப் பதிலா காசு சேர்த்து டைரக்ட் டிரைவ் வாங்கிடலாமே" என்று சொல்பவர்கள் உண்டு. கியர் இல்லாமல் மோட்டார் தண்டிலேயே ஸ்டியரிங்கை மாட்டுகிற வகை அது. அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. 2021இல் ஃபனாடெக் சிஎஸ்எல் டிடி என்ற டைரக்ட் டிரைவ் வந்தபோதே அடிப்படை மாடலில் 5 நியூட்டன் மீட்டர் கொடுத்தார்கள், ஜி29ஐவிட இரண்டு மடங்குக்கும் மேல். கியரின் கடகடப்பும் கிடையாது. அதனால்தான் வீலுக்குள் போடுகிற காசை நான் தடுக்கிறேன். மோட்டாருக்கு ஃபேன், புது கிரீஸ், பெரிய ரிம் எல்லாம் பழைய வீலோடு போய்விடும். யூஎஸ்பியில் தனியாக நிற்கும் பிரேக்கும் இரும்பு ஃபிரேமும் எந்த வீல் வந்தாலும் கூடவே வரும். நல்ல வீலை மோசமான பிரேக்கோடு ஓட்டுவதைவிட, சாதாரண வீலை நல்ல பிரேக்கோடு ஓட்டுவது எனக்கு எப்போதும் பிடிக்கும். பழுது பார்க்கிற பாகம் மட்டும் விதிவிலக்கு. லாஜிடெக்கின் பழைய ஜி25, ஜி27 வீல்களின் மோட்டாரில் இருக்கும், சுழற்சியை அளக்க உதவும் பிளாஸ்டிக் என்கோடர் சக்கரம் விரிசல்விட்டு ஸ்டியரிங் நடுவிலிருந்து விலகிப்போவது பலருக்கும் தெரிந்த கதை. அதற்கு உலோகச் சக்கரம் வாங்கிப் போடுவது நியாயமான செலவு.

தம்பி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு என் பெடலை ஒரு முறை மிதித்துப் பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை, இன்னொரு முறை மிதித்தான். ரிம்மை வாங்கிய இடத்தில் திருப்பி எடுக்க மாட்டார்களாம். அதற்காக வருத்தப்பட வேண்டாம் என்றேன். ஆறு போல்ட் ரிம்தான், நாளைக்கு டைரக்ட் டிரைவ் வாங்கினால் அதில் மாட்டிக்கொள்ளலாம். அதுவரை துணி சுற்றி பீரோ மேலே இருக்கட்டும். சனிக்கிழமை காலை அவனும் நானும் ரிச்சி தெருவுக்குப் போகிறோம்.