இறந்த விமானியின் மேல் எழுதப்படும் தீர்ப்பு

1994 ஜூன் 2 அன்று மாலை, வட அயர்லாந்தின் ஆல்டர்குரோவ் தளத்திலிருந்து ஸ்காட்லாந்தின் ஃபோர்ட் ஜார்ஜுக்குப் புறப்பட்ட பிரிட்டிஷ் விமானப்படையின் சினூக் ஹெலிகாப்டர், மல் ஆஃப் கின்டைர் முனையில் மூடுபனி சூழ்ந்திருந்த மலைச்சரிவில் மோதியது. அதில் இருந்த 29 பேரும் இறந்தனர். பயணிகள் 25 பேரில் பெரும்பாலோர் வட அயர்லாந்து உளவுப் பணியின் மூத்த அதிகாரிகள். இத்தனை பேரை ஒரே ஹெலிகாப்டரில் ஏற்றியது ஏன் என்ற கேள்வி எழுந்த கையோடு வதந்திகளும் கிளம்பின. குண்டு வைக்கப்பட்டது என்றனர் சிலர். ரகசிய அமெரிக்க விமானம் ஒன்று அருகில் பறந்ததால் சினூக் நிலைகுலைந்தது என்றனர் வேறு சிலர்.

இவற்றைப் படித்து நகைப்பது எளிது. நானும் நகைத்திருக்கிறேன். ஆனால் அந்த விபத்தின் கோப்புகளைத் தொடர்ந்து வாசித்தபோது, சான்றில்லாத முடிவுகளில் மிகக் கொடியது வதந்தி பரப்பியவர்களிடமிருந்து வரவில்லை, சீருடை அணிந்த உயர் அதிகாரிகளிடமிருந்தே வந்தது என்று கண்டேன்.

அந்த ஹெலிகாப்டரில் கறுப்புப் பெட்டி இல்லை. விமானிகளின் உரையாடல் பதிவும் இல்லை. அதன் இயந்திரங்களைக் கட்டுப்படுத்திய புதிய மென்பொருளைப் பற்றி, ராணுவ விமானங்களைச் சோதிக்கும் பாஸ்கம் டவுன் நிலையத்தின் வல்லுநர்கள் விபத்துக்கு முன்பே கவலை தெரிவித்திருந்தனர். இறந்துபோன விமானிமீது கவனக்குறைவுக் குற்றம் சுமத்த வேண்டுமானால் 'எவ்வித ஐயமும் அறவே இருக்கக் கூடாது' என்பது அன்றைய விமானப்படையின் சொந்த விதி. முதலில் ஆராய்ந்த விசாரணைக் குழு அவ்வாறு குற்றம் சுமத்தவும் இல்லை. அக்குழுவின் அறிக்கையை மேலாய்வு செய்த இரு ஏர் மார்ஷல்கள்தாம், விமானிகள் இருவரும் பெரும் கவனக்குறைவு புரிந்தனர் என்று எழுதி முடித்தனர். எந்த மென்பொருளும் எந்த நிர்வாகமும் பதில் சொல்ல வேண்டியிராத ஒரு முடிவு அது. பதில் சொல்லக்கூடிய இருவரோ உயிரோடு இல்லை.

1996இல் ஸ்காட்லாந்து நீதி விசாரணை அதை ஏற்க மறுத்தது. 2002இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் மேலவையான பிரபுக்கள் சபையின் தெரிவுக் குழு, அந்த முடிவுக்கு நியாயமில்லை என்று ஒருமனதாகக் கூறியது. ஆயினும் 2011இல் ஓய்வுபெற்ற நீதிபதி பிலிப் பிரபுவின் மறுஆய்வு வெளியான பிறகே அரசு அந்தத் தீர்ப்பை விலக்கி, விமானிகளின் குடும்பத்தாரிடம் மன்னிப்புக் கோரியது. விபத்துக்கும் மன்னிப்புக்கும் இடையே 17 ஆண்டுகள்.

இது பிரிட்டனுக்கு மட்டும் உரிய நோயன்று. 2010 நவம்பரில் அலாஸ்காவில் விழுந்த அமெரிக்க எஃப்-22 போர் விமானத்தில், இயந்திரக் கோளாறு ஒன்றால் விமானிக்கு ஆக்சிஜன் வருவதே நின்றுபோயிருந்தது. அப்படியிருந்தும் விமானப்படையின் விசாரணை அறிக்கை அவருடைய கவனம் பிசகியதையே காரணமாகக் காட்டியது. உண்மைகள் அம்முடிவை ஆதரிக்கவில்லை என்று பென்டகனின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் 2013இல் சொல்ல வேண்டியதாயிற்று.

இந்தச் சாய்வுக்கு ஒரு காரணம் சட்டத்திலேயே இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. பயணிகள் விமான விபத்துகளுக்கு, உலக நாடுகளின் விமானப் போக்குவரத்து ஒப்பந்தமான சிகாகோ உடன்படிக்கையின் 13ஆம் இணைப்பு பொருந்தும். விசாரணையின் ஒரே நோக்கம் அடுத்த விபத்தைத் தடுப்பதே தவிர யார்மீதும் பழி சுமத்துவது அன்று என்று அது வெளிப்படையாகச் சொல்கிறது. இறுதி அறிக்கையைப் பொதுவில் வெளியிடவும் கேட்கிறது. ராணுவ விமானங்களோ அந்த உடன்படிக்கைக்கே வெளியே நிற்பவை. விமானத்தை வாங்கியதும் பராமரித்ததும் பறக்கவிட்டதும் விபத்தை விசாரிப்பதும் பெரும்பாலும் ஒரே அமைப்பு என்னும்போது, விசாரணை எந்தப் பக்கம் சாயும் என்பதற்குச் சோதிடம் பார்க்க வேண்டியதில்லை.

வதந்திக்கு உரமும் அங்கிருந்துதான் கிடைக்கிறது. 1968 மார்ச் 27 அன்று, விண்வெளிக்குச் சென்ற முதல் மனிதரான யூரி ககாரின் மிக்-15 பயிற்சி விமானத்தில் இறந்தார். சோவியத் அரசுக் குழுவின் முடிவு 2011 வரை மறைத்து வைக்கப்பட்டது. குடித்துவிட்டு ஓட்டினார், மேலிடத்தின் பொறாமைக்குப் பலியானார் என்ற கதைகள் அந்த இடைவெளியில்தான் கிளைத்தன. கடைசியில் வெளியான ஆவணமோ, வானிலை பலூன் ஒன்றைத் தவிர்க்க விமானத்தைச் சட்டென்று திருப்பியிருக்கக் கூடும் என்ற சாதாரணமான அனுமானத்தையே சொன்னது. இதையா இத்தனை காலம் பூட்டி வைத்தார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது.

என் வாதத்துக்கு இடைஞ்சலான ஒரு நிகழ்வையும் மறைக்க விரும்பவில்லை. 1945 டிசம்பர் 5 அன்று ஃபுளோரிடாவிலிருந்து பயிற்சிக்குச் சென்ற ஐந்து அவெஞ்சர் விமானங்கள் 14 பேருடன் மறைந்தன. தேடச் சென்ற விமானம் ஒன்றும் 13 பேருடன் திரும்பவில்லை. அமெரிக்கக் கடற்படை முதலில் அணித்தலைவரைக் குறை கூறியது. அவருடைய தாயார் போராடிய பின் 'காரணம் அறியப்படவில்லை' என்று திருத்தி எழுதியது. பெர்முடா முக்கோணக் கதைகாரர்கள் பிற்காலத்தில் பிடித்துத் தொங்கியது அந்த நேர்மையான வாசகத்தைத்தான். அதற்காக அதை எழுதியிருக்கக் கூடாது என்று என்னால் சொல்ல முடியாது. தெரியாததைத் தெரியாது என்று எழுதியதால் ஒரு கட்டுக்கதை வளர்ந்தது, உண்மைதான். ஆனால் இறந்தவர் ஒருவரின் பெயர் மேல் கறை நீடிக்கவில்லை.

சினூக் விபத்தின் ஆவணங்களில் ஒரு பகுதி, மூன்றாம் நபர்களின் தனிப்பட்ட விவரங்கள் அவற்றில் இருப்பதாகக் கூறி, 100 ஆண்டுகளுக்கு மூடப்பட்டிருக்கிறது. இறந்தவர்களின் பிள்ளைகள் இப்போது அவற்றைத் திறக்கக் கோரி நிற்கின்றனர். அரசு குறித்திருக்கும் ஆண்டு 2094.