பெயர் எழுதாத படங்கள்

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பழைய படங்களைப் போடுபவர்கள் ஏன் ஒரு பெயரைக்கூட எழுதுவதில்லை? “யாருன்னு தெரியுதா?” என்று கேட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். தெரியவில்லையே!

நேற்று வந்தது தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் கேட்டோ மேனர் பகுதியில் இருந்த எங்கள் வீட்டு வாசலில் எடுத்த படம். ஒவ்வோர் இனத்தாரும் தனித்தனிப் பகுதியில்தான் குடியிருக்க வேண்டும் என்று 1950இல் வந்த இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தால் அந்த வீடு பறிபோய், எங்கள் ஆட்கள் இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய சாட்ஸ்வொர்த்துக்கு வந்தார்கள். படம்தான் மிச்சம். ஆயா பக்கத்தில் நிற்கும் பெண் யார்? அத்தைமார் ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள்.

1860இல் இந்தியாவிலிருந்து ட்ரூரோ கப்பலில் டர்பனுக்கு வந்த ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கே பெயர், அப்பா பெயர், ஊர் என்று பதிவேடு இருக்கிறது. கரும்புத் தோட்டத்துக்கு ஆள் பிடித்தவர்கள் எழுதியதை, சொந்தப் பிள்ளைகள் எழுதக் கூடாதா? பெரியவர்களுக்கு நினைவு தெளிவாக இருக்கும்போதே பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். படத்தின் பின்னால் பென்சிலால் எழுதுங்கள். அப்புறம் குழுவில் போடுங்கள்.