முன்னால் நீங்கள் உட்காருங்கள் சம்பந்தி

வேலூர் சத்துவாச்சாரியில் ஒரு தையல் கடை. சித்திரை மாதம், மத்தியானம் மூன்று மணி, வெயிலுக்குத் தெருவில் நாய்கூட இல்லை. கடைக்காரர் ஏகாம்பரம், பையனைப் பெற்றவர். எதிரே முக்காலியில் பொதுப்பணித்துறையில் ஓய்வு பெற்ற முனிரத்தினம், பெண்ணைப் பெற்றவர். பிள்ளைகள் இருப்பது அமெரிக்காவில், மான்டானா மாநிலத்துப் போஸ்மன் ஊரில். ஜூலையில் இரண்டு அப்பாக்களும் அங்கே போகிறார்கள். டிக்கெட் வரைக்கும் எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

முனிரத்தினம்: என்ன சம்பந்தி, வியாபாரம் எப்படி?

ஏகாம்பரம்: போன வாரம் வரைக்கும் ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன். இப்போது ஈ கட்டிக்கொண்டிருக்கிறேன்.

முனிரத்தினம்: வெயில் தலைக்கு ஏறிவிட்டதா?

ஏகாம்பரம்: உங்கள் மாப்பிள்ளை போனில் சொன்னாரே, ஆற்றில் படகோடு மிதந்து போய் டிரவுட் மீன் பிடிக்கலாம் என்று. அதற்குப் புழு மாட்ட மாட்டார்களாம். கொக்கியில் இறகைச் சுற்றி, ஈ மாதிரி ஜோடித்து, தண்ணீர் மேல் போட வேண்டுமாம். நாற்பது வருஷமாக நூலோடு மாரடிக்கிறவன் நான், காசு கொடுத்து ஈ வாங்குவேனா? இதோ பாருங்கள்.

(குண்டூசித் தலையணையில் ஒரு கொக்கி குத்தியிருக்கிறது. உடம்புக்குக் கறுப்பு நூல், கழுத்துக்குச் செம்பட்டைச் சேவலின் இறகு. சுற்றிய வேகத்தில் இறகு மயிர் மயிராக நாலா பக்கமும் விரைத்து நிற்கிறது. உள்ளதைச் சொல்ல வேண்டும், நன்றாகவே இருக்கிறது.)

முனிரத்தினம்: அட, பறந்துவிடும் போலிருக்கிறதே!

ஏகாம்பரம்: கொக்கி அளவில்தான் ஏமாந்துவிட்டேன். நம்ம மிஷின் ஊசியில் 18 என்றால் 16-ஐ விடத் தடிமன். இதில் தலைகீழ், நம்பர் ஏற ஏறச் சின்னது. ஜீன்ஸ் தைக்கிற நினைப்பில் 18 கேட்டேன், எள்ளு மாதிரி வந்து நின்றது. இரண்டு கண்ணாடி போட்டுக்கொண்டு கட்டினேன்.

முனிரத்தினம்: சரி, ஆறு எது?

ஏகாம்பரம்: மேடிசன். யெல்லோஸ்டோன் பூங்காவுக்குள் இரண்டு ஆறு கூடி உண்டாகிறதாம், கீழே போய் இன்னும் இரண்டோடு சேர்ந்து மிசௌரி ஆகிவிடுகிறதாம். முன்பின் தெரியாத ஆறு. தண்ணீர் எப்படி என்று நீங்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

முனிரத்தினம்: யாரிடம் கேட்கிறீர்கள்? தண்ணீர் இல்லாத ஆறு என்று ஊரையே கேலி பேசுவார்களே, அந்தப் பாலாற்றில் 31 வருஷம் தண்ணீர் அளவு எழுதினவன் நான். முக்கால்வாசி நாள் 'இல்லை' என்றுதான் எழுதினேன். 2021 நவம்பரில் அப்படி ஒரு வெள்ளம் வந்ததே, அது நான் ஓய்வு பெற்ற பிறகு. (போனைத் துழாவி) இதோ... அங்கேயும் கன அடிதான் சம்பந்தி! வினாடிக்கு 1,200. கால் மணிக்கு ஒரு தடவை இணையத்தில் ஏற்றுகிறார்கள். நான் சைக்கிள் மிதித்துப் போய் அளவுகோலைப் பார்த்துவிட்டு வருவேன்.

ஏகாம்பரம்: அவ்வளவு தண்ணீர் தாங்குமா நமக்கு?

முனிரத்தினம்: மேலே ஹெப்கென் அணையிலிருந்து அளந்துதான் விடுகிறார்கள். அதற்குக் கீழே 1959-ல் நிலநடுக்கம் வந்து, மலை சரிந்து ஆற்றை மறித்து, ஒரு ஏரியே உண்டாகியிருக்கிறது.

ஏகாம்பரம்: டெண்டர் இல்லாமலா?

முனிரத்தினம்: ராத்திரியோடு ராத்திரியாக மலை இறங்கியிருக்கிறது. எனக்கே பொறாமையாக இருக்கிறது.

ஏகாம்பரம்: இன்னொன்று. தண்ணீர் சூடேறிவிட்டால் மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் மீன் பிடிக்கத் தடை போட்டுவிடுவார்களாம். மீன் தாங்காதாம்.

முனிரத்தினம்: எவ்வளவு சூடு?

ஏகாம்பரம்: மூன்று நாள் தொடர்ந்து 73 ஃபாரன்ஹீட்டைத் தொட்டால். நம்ம கணக்கில் 23 டிகிரி.

முனிரத்தினம்: 23-க்கா! எங்கள் மாடித் தொட்டித் தண்ணீரில் இப்போது டீத்தூள் போட்டால் டிக்காஷன் இறங்கும். அந்த மீன் இந்தப் பக்கம் வந்தால் பள்ளிகொண்டா டோல்கேட் தாண்டுவதற்குள் குழம்பாகிவிடும்.

ஏகாம்பரம்: குழம்புப் பேச்சே எடுக்காதீர்கள். பிடித்த மீனைத் திரும்ப ஆற்றில் விட்டுவிட வேண்டும் என்கிறார் உங்கள் மாப்பிள்ளை. தொடுவதற்குக்கூடக் கையை நனைத்துக்கொள்ள வேண்டுமாம், காய்ந்த கை பட்டால் உடம்பின் வழவழப்புப் போய்விடுமாம்.

முனிரத்தினம்: உங்கள் பையன் இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம். எங்கள் வீட்டில் மீன் மசாலா அரைத்து, மூன்று பாக்கெட் போட்டு, பெட்டியில் சேலைக்கு நடுவில் வைத்தாகிவிட்டது.

ஏகாம்பரம்: எடுத்து வாருங்கள், ஊரில் கோழி கிடைக்காமலா போகும்?

முனிரத்தினம்: வண்டிக்கு என்ன வழி? ஆம்பூரில் படகு ஏறி விரிஞ்சிபுரத்தில் இறங்கினால், ஸ்கூட்டர் ஆம்பூரில் அல்லவா நிற்கும்?

ஏகாம்பரம்: அதற்கென்றே ஆள் உண்டாம். சாவியை வண்டியிலேயே ஒளித்து வைத்துவிட்டுப் படகு ஏறினால், காரை ஓட்டிவந்து நாம் இறங்கும் துறையில் நிறுத்திவிட்டுப் போவார்களாம்.

முனிரத்தினம்: சாவியையா? இங்கே செருப்பை வெளியே விட்டுவிட்டு, உள்ளே ஜலகண்டேஸ்வரரிடம் முதல் வேண்டுதலே அந்தச் செருப்புக்குத்தான். சரி, படகில் யார் எங்கே?

ஏகாம்பரம்: துடுப்புப் போடுகிறவர் நடுவில். நாம் முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர். நீங்கள் முன்னால் உட்காருங்கள் சம்பந்தி.

முனிரத்தினம்: அதெப்படி, நீங்கள் மாப்பிள்ளை வீடு. கல்யாணத்தில் முதல் பந்தியே உங்களுக்குத்தான்.

ஏகாம்பரம்: அந்தப் பந்தியில் வடை வரவில்லை. அதை இப்போது பேச வேண்டாம்.

முனிரத்தினம்: பேசிவிட்டீர்களே! உண்மையைச் சொல்லுங்கள், முன்னால் என்ன ஆபத்து?

ஏகாம்பரம்: ஒன்றுமில்லை, முன்னால் இருப்பவருக்குத்தான் புது இடத்தில் முதல் வீச்சு. என்ன, பின்னால் இருப்பவருடைய கொக்கி காதில் மாட்டினாலும் மாட்டுமாம்.

முனிரத்தினம்: எனக்குக் காது குத்தியபோது உட்காரத் தாய்மாமன் மடி இருந்தது. இப்போது அவரும் இல்லை.

ஏகாம்பரம்: அதனால்தான் பழகிக்கொண்டு போவோம் என்கிறேன். நாளைக்குக் காலை ஆறு மணிக்குப் பாலாறு. அகலமான இடம், எதிலும் மாட்டாது. கழியைப் பத்து மணிக்கும் இரண்டு மணிக்கும் நடுவில் வீச வேண்டும்.

முனிரத்தினம்: இந்த வெயிலில் பத்திலிருந்து இரண்டு வரைக்குமா? ஆம்புலன்சையும் சொல்லிவிடுங்கள்.

ஏகாம்பரம்: ஐயோ, அது கடிகார முள் கணக்கு! கழி அந்த அளவுக்கு மேல் சாயக்கூடாது, அவ்வளவுதான்.

முனிரத்தினம்: விடிகாலையில் நீளக் கழியும் கயிறுமாக ஆற்று மணலில் இரண்டு பேர் நின்றால், மணல் அள்ள இடம் பார்க்கிறோம் என்று பிடித்துப் போய்விடுவார்கள்.

ஏகாம்பரம்: மீன் பிடிக்க வந்தோம் என்று சொல்லுவோம்.

முனிரத்தினம்: பாலாற்றிலா? மணல் வழக்கே தேவலாம்.

(வாசலில் ஒரு பெண், குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வருகிறார். கண் நேராகக் குண்டூசித் தலையணைக்குப் போகிறது.)

பெண்: அண்ணா, இது என்ன, புது மாதிரி ஆரி வேலையா? என் பிளவுஸில் தோளுக்கு இரண்டு வைத்துத் தைத்துக் கொடுங்கள். ஒன்று எவ்வளவு?

ஏகாம்பரம்: அம்மா, அது ஈ...

முனிரத்தினம்: நூற்றைம்பது.