தகவல் போகாத கேபிள்

யுஎஸ்பி கேபிளுக்குள் குறைந்தது நான்கு கம்பிகள் இருக்க வேண்டும்: மின்சாரத்துக்கு இரண்டு, தகவலுக்கு இரண்டு. டர்பனில் மலிவாகக் கிடைக்கும் பல கேபிள்களில் பின்னிரண்டு கிடையாது. வெளியே பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. செருகியவுடன் மைக்ரோகண்ட்ரோலர் போர்டில், அதாவது நாம் நிரல் ஏற்றி இயக்கும் குட்டிச் சர்க்யூட் பலகையில், விளக்கு ஜம்மென்று எரியும். கணினிதான் அப்படி ஒன்று இருப்பதாகவே காட்டிக்கொள்ளாது. நாமோ போர்டையும் கணினியையும் பேசவைக்கும் சிஎச்340 சிப்புக்கான டிரைவரைத் திரும்பத் திரும்ப நிறுவிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். உறையின் மேல் ‘சார்ஜ் செய்ய மட்டும்’ என்று அச்சடித்தால் என்ன குடி முழுகிவிடும்?

கேபிள் சரியானால் அடுத்து சர்வோவின் தொல்லை தொடங்கும்; சொன்ன கோணத்துக்குத் திரும்பும் சின்ன மோட்டார்தான் சர்வோ. தைப்பூசக் காவடி மயிலின் கழுத்தை ஆட்ட எஸ்ஜி90 என்ற குட்டி சர்வோ ஒன்றே போதும், எடை 9 கிராம்தான். ஆனால் எங்காவது முட்டிக்கொண்டு நின்றால் அரை ஆம்பியருக்கு மேல் இழுக்கும். யுஎஸ்பி 2.0 தருவதோ 500 மில்லிஆம்பியர். மின்னழுத்தம் சரியும், போர்டு முதலிலிருந்து தொடங்கும், மயில் குளிர்காய்ச்சல் வந்ததுபோல் வெடவெடக்கும். சர்வோவுக்குத் தனி அடாப்டரிலிருந்து 5 வோல்ட் கொடுத்து, அதன் பழுப்புக் கம்பியை (மின்சாரம் திரும்பும் கிரவுண்டு கம்பி) போர்டின் கிரவுண்டோடும் இணைத்தால் அடங்கிவிடும். அந்த அடாப்டருக்குச் சாட்ஸ்வொர்த் கடையில் கேட்கும் ராண்டுக்கு இன்னும் இரண்டு சர்வோ வாங்கலாம், போங்கள்!