காஸ் அறிக்கையும் நம் பெற்றோர் குழுக்களும்

பிறந்தபோது சொன்ன பாலினம் தனக்குப் பொருந்தவில்லை என்று உணரும் பிள்ளைகளுக்கான சிகிச்சை பற்றி இங்கிலாந்தில் ஹிலாரி காஸ் என்ற குழந்தைகள் மருத்துவர் 2024 ஏப்ரலில் கொடுத்த அறிக்கையை வைத்து ஒரு வாட்ஸ்அப் செய்தி பெற்றோர் குழுக்களில் சுற்றுகிறது. வெளிநாட்டிலேயே ஒத்துக்கொண்டார்கள், இதெல்லாம் ஃபேஷன், கண்டித்து வைத்தால் பிள்ளை சரியாகிவிடும் என்கிறது அது. அந்த அறிக்கை எங்கேயும் அப்படிச் சொல்லவில்லை.

லண்டனில் டாவிஸ்டாக் என்ற மருத்துவ மையத்தில் இருந்த சிறார் பாலின அடையாளப் பிரிவுக்கு 2011-12இல் அனுப்பிவைக்கப்பட்ட பிள்ளைகள் 250 பேர்கூட இல்லை. பத்து வருடத்தில் அந்த எண்ணிக்கை 5000ஐத் தாண்டிவிட்டது. காத்திருப்பு வருடக்கணக்கில் நீண்டது. வந்த பிள்ளைகளில் பலருக்கு மனச்சோர்வும் பதற்றமும் ஆட்டிசமும் சேர்ந்தே இருக்க, பாலினம் என்ற பேச்சு வந்ததும் மற்றதை யாரும் சரியாகக் கவனிக்கவில்லை என்பது காஸின் முக்கியமான குற்றச்சாட்டு. பருவமடைதலைத் தள்ளிப்போடும் மருந்துகளுக்குப் போதிய ஆதாரம் இல்லை என்றார், அரசும் 18 வயதுக்குட்பட்டவர்களுக்குப் புதிதாக அதை எழுதிக்கொடுப்பதைத் தடை செய்தது. இதை ஏற்காத மருத்துவர்களும் உண்டு. மருந்து விஷயத்தில் அவசரம் கூடாது என்பதுதான் என் கருத்தும். ஆனால் அதே காஸ்தான் இந்தப் பிள்ளைகளை மரியாதையோடு நடத்துங்கள், ஒரே மையம் போதாது, பல பகுதிகளிலும் மையங்கள் வேண்டும் என்றும் எழுதினார். அந்தப் பக்கத்தை மட்டும் யாரும் ஃபார்வர்டு செய்வதில்லை!

நான் பள்ளி ஆசிரியை. இங்கே நான் பார்க்கும் துன்பத்துக்கும் அந்த மருந்துக்கும் சம்பந்தமே இல்லை. ஒன்பதாம் வகுப்பில் ஒரு பிள்ளை, இடைவேளை மணி அடித்ததும் மொத்த வகுப்பும் வெளியே ஓடும், அந்தப் பிள்ளை மட்டும் பெஞ்சை விட்டு எழுந்திருக்காது. கழிப்பறையில் நடையைப் பார்த்துக் கிண்டல், கதவைத் தட்டுவது, அதற்குப் பயந்துகொண்டு காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை, பாட்டில் கொண்டுவந்தபடியே வீட்டுக்குப் போகும். முடியாதபோது பாடத்தின் நடுவில் அனுமதி கேட்கும், அதற்கும் எங்களில் சிலர் திட்டுவோம். வீட்டில் என்ன செய்கிறார்கள்? முடியை ஒட்ட வெட்டி, மந்திரித்துக் கயிறு கட்டி, அதுவும் பலிக்காவிட்டால் "எப்படியாவது மாத்திக் குடுங்க டாக்டர்" என்று கூட்டிக்கொண்டு போகிறார்கள்.

இப்படி மாற்றித் தருகிறேன் என்று சிகிச்சை செய்வதைச் சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜூன் 7ஆம் தேதியே தடை செய்துவிட்டது. மதுரையிலிருந்து வீட்டை விட்டு வந்த, தன்பாலின ஈர்ப்புள்ள இரண்டு இளம்பெண்களின் வழக்கு அது. நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தனக்கு இது முழுசாகப் புரியவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, ஒரு உளவியலாளரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் உத்தரவு போட்டார். நீதிபதியே கேட்டுத் தெரிந்துகொள்ளும்போது பெற்ற அப்பா அம்மாவுக்கு என்ன தயக்கம்? பிள்ளை சொன்ன மறுநாளே எந்த முடிவும் எடுக்க வேண்டாம், அடிக்காமல் கேட்டால் போதும். தூக்கம் கெட்டிருக்கிறதா, சாப்பிடுகிறதா, வகுப்பில் யார் சீண்டுகிறார்கள், அதையெல்லாம் கேளுங்கள். 2022இல் தேசிய மருத்துவ ஆணையமும் இப்படி மாற்றித் தருவதாகச் சொல்லும் சிகிச்சை தொழில்முறைக் குற்றம் என்று சொல்லிவிட்டது, அதனால் மாற்றித் தருகிறேன் என்று எந்த டாக்டராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

அந்தத் தீர்ப்பில் பள்ளிகளுக்கும் வழிகாட்டுதல் இருக்கிறது. இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குப் பாலினப் பாகுபாடில்லாத கழிப்பறை வேண்டும், பெற்றோர் ஆசிரியர் கழகம் மூலம் பெற்றோருக்குப் புரிய வைக்க வேண்டும் என்கிறது. எங்கள் பள்ளியில் அடுத்த கூட்டத்தில் கழிப்பறை விஷயத்தை நான் எடுக்கப்போகிறேன். உங்கள் பள்ளியில் என்ன நிலைமை என்று கமெண்டில் எழுதுங்கள், பிள்ளையின் பெயரோ பள்ளியின் பெயரோ மட்டும் வேண்டாம்.