லாத்வியா 1991இல் பிறந்த நாடு அன்று
“சோவியத் ஒன்றியம் உடைந்தபோது 1991இல் உருவான நாடுதான் லாத்வியா, அதற்கு முன் அப்படியொரு அரசே இருந்ததில்லை” என்று சொல்லப்படுவது சரியன்று.

லாத்விய அரசியல் கட்சிகள் பல ஒன்றுகூடி அமைத்த மக்கள் பேரவை, 1918 நவம்பர் 18 அன்று தலைநகர் ரீகாவின் நாடக அரங்கம் ஒன்றில் கூடிக் குடியரசைப் பிரகடனம் செய்தது. கார்லிஸ் உல்மானிஸ் தற்காலிக அரசின் தலைமையை ஏற்றார். பிரகடனம் எளிதாக முடிந்தது, நாட்டைக் கைக்கொள்வதுதான் கடினமாக இருந்தது. சில வாரங்களிலேயே சோவியத் ருஷ்யாவின் செம்படை உள்ளே நுழைந்தது. 1919 ஜனவரியில் ரீகாவை இழந்த அந்த அரசு துறைமுக நகரான லீபாயாவுக்குப் பின்வாங்கியது. அங்கும் ஏப்ரலில் ஜெர்மானியப் படைப்பிரிவினரின் சதியால் பதவி பறிபோய், உல்மானிஸ் துறைமுகத்தில் நின்ற கப்பல் ஒன்றில் தஞ்சம் புக நேர்ந்தது. எஸ்தோனியரின் துணையோடு செசிஸ் போரில் ஜெர்மானியத் தரப்பையும், போலந்தின் துணையோடு கிழக்கே லட்காலேயில் செம்படையையும் வென்ற பிறகே நிலைமை மாறியது. 1920 ஆகஸ்ட் 11 அன்று கையெழுத்தான ஒப்பந்தத்தில் சோவியத் ருஷ்யாவே, லாத்விய மண்ணின் மீதான உரிமைகளை என்றென்றைக்குமாகக் கைவிடுவதாக ஒப்புக்கொண்டது. (அந்த ‘என்றென்றைக்கும்’ இருபது ஆண்டுகூட நீடிக்கவில்லை என்பது வேறு கதை.) 1921இல் லாத்வியா சர்வதேச சங்கத்திலும் (League of Nations) உறுப்பினரானது.

1940இல் சோவியத் ஒன்றியம் லாத்வியாவைத் தன்னோடு இணைத்துக்கொண்டது ஆக்கிரமிப்பு. அந்த இணைப்பை அமெரிக்கா ஒருபோதும் அங்கீகரிக்கவில்லை. எனவேதான் 1990 மே 4 அன்று லாத்வியப் பேரவை நிறைவேற்றிய பிரகடனம் சுதந்திரத்தை ‘மீட்பதாக’ப் பேசுகிறது, இன்று அங்கே நடைமுறையில் உள்ளதும், திருத்தங்களுடன், 1922ஆம் ஆண்டின் அரசியலமைப்பே.