பின்சீட்டில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வாங்குங்கள்

மூன்று மாதமாக எங்கள் வீட்டில் கார் பேச்சுதான். இருபது வருடத்துக்கு மேல் உழைத்த பழைய புரோட்டோன் வீரா காருக்கு ஓய்வு கொடுப்பது என்று முடிவாகிவிட்டது. சரி, அடுத்து எது? எங்கள் ஊர் சுங்கை சிப்புட் காப்பிக் கடையில் கேட்டால் மேசைக்கு ஒரு கட்சி. ஹோண்டா சிட்டி கட்சி, டொயோட்டா வியோஸ் கட்சி, அதிகம் சத்தம் போடாத நிசான் அல்மேரா கட்சி.

நானும் நோட்டுப் புத்தகத்தில் கோடு போட்டு எழுதிக்கொண்டு அலைந்தவன்தான். சிட்டி 1.5 லிட்டர், 121 குதிரைத்திறன். வியோஸும் 1.5, ஆனால் 106. அல்மேரா 1 லிட்டர் டர்போ, 100. பின்னால் சாமான் வைக்கும் போனட் 519, 475, 482 லிட்டர். எழுதி முடித்தபோது தலைவலிதான் மிச்சம். சிட்டிக்கும் வியோஸுக்கும் உள்ள 44 லிட்டர் வித்தியாசம் என்பது பத்துக் கிலோ அரிசிப் பை மூன்று. நாங்கள் என்ன மளிகைக் கடையா வைத்திருக்கிறோம்?

சாலை வரியைக் காட்டி ஒரு நண்பர் அல்மேராவுக்கு வாதாடினார். 1000 சிசிக்குள் இருப்பதால் வருடத்துக்கு 20 வெள்ளி (ரிங்கிட்), மற்ற இரண்டுக்கும் 90. அந்த 70 வெள்ளி, குடும்பத்தோடு ஈப்போவில் ஒரு வாழை இலைச் சாப்பாட்டுக்குச் சரியாகப் போய்விடும். அந்த டர்போவில் எனக்குப் பிடித்தது வேறு. இயந்திரத்தின் இழுவை நிமிடத்துக்கு 2400 சுற்றிலேயே முழுதாக வந்துவிடுகிறது. மற்ற இரண்டிலும் 4000-ஐத் தாண்ட வேண்டும். ஐந்து பேரோடு மேடேறும்போது இது காலுக்கே தெரியும்.

இதையெல்லாம் ஒரே நிமிடத்தில் ஓரம் கட்டியது அம்மாவின் முட்டிதான்.

ஷோரூமில் தம்பி ஒருவர் திரையைத் தட்டித் தட்டி விளக்கிக்கொண்டிருந்தார். அம்மா யாரையும் கேட்காமல் பின்கதவைத் திறந்தார். முதலில் உட்கார்ந்து, அப்புறம் ஒவ்வொரு காலாக உள்ளே இழுத்தார். முட்டி முன்சீட்டில் இடிக்கவில்லை. ஏறும்போது தலை மட்டும் கூரை விளிம்பில் உரசியது. இறங்கும்போது கதவுச் சட்டத்தைப் பிடித்து இரண்டு முறை எம்பினார். மூன்றாவது முறைதான் எழ முடிந்தது. "ஏன்டா தம்பி, ஓட்டுறவனுக்குத்தான் காடியா?" என்றார். அந்தக் கார் எது என்று சொல்ல மாட்டேன். அது அவருடைய முட்டி; உங்கள் அம்மாவுக்கு வேறு மாதிரி இருக்கலாம். அடுத்த இரண்டு ஷோரூமிலும் முதலில் பின்கதவைத்தான் திறந்தேன்.

ஓட்டிப் பார்க்கும்போதும் அப்படித்தான். அவர்கள் கூட்டிப்போகிற வழி நல்ல தார் ரோடு. அதில் எந்தக் காரும் பட்டு மாதிரிதான் போகும். எங்கள் தோட்டத்து ரோட்டில் கடைசி மூன்று கிலோமீட்டர் செம்மண். குலை ஏற்றிய லோரி உழுதுவிட்டுப் போன பள்ளமும், உதிர்ந்து கிடக்கும் செம்பனைப் பழமும். அதனால் மேடுபள்ளமான வழியாகப் போகலாமா என்று கேளுங்கள். மூஞ்சியைச் சுளித்தாலும் பரவாயில்லை. ஒரு சுற்று நீங்களும் பின்சீட்டில் உட்காருங்கள்.

இனி பணம். மூன்றுக்குமே உத்தரவாதம் 5 வருடம். நம்மில் பலர் எடுக்கும் கடனோ 9 வருடம். அதாவது, கடைசி 4 வருடம் தவணையும் நம் தலையில், பழுதும் நம் தலையில். 80,000 வெள்ளிக் கடன், 3 விழுக்காடு வட்டி என்று வைத்துக்கொள்வோம். முழுக் கடனுக்கும் வருடா வருடம் வட்டி போடும் கணக்கில், 9 வருடத்துக்கு வட்டி மட்டும் 21,600. மாதத் தவணை ஏறக்குறைய 941. அதையே 7 வருடமாக்கினால் வட்டி 16,800, தவணை 1,152. மாதம் 211 வெள்ளி கூடுதலாகக் கட்ட முடியாது என்றால், மேல் மாடலை விட்டுக் கீழ் மாடலுக்கு வாருங்கள், கடனே குறையும். ஏர்பேக் எண்ணிக்கை மட்டும் மாடலுக்கு மாடல் மாறுகிறதா என்று விசாரித்துவிடுங்கள். அதில் மிச்சம் பிடிக்கக் கூடாது. பழைய காரின் என்சிடியை, அதாவது இழப்பீடு கேட்காமல் ஓட்டியதற்குக் காப்புறுதியில் கிடைக்கும் கழிவை, புதுக் காருக்கு மாற்றவும் மறக்காதீர்கள். எனக்கு 55 விழுக்காடு இருந்தது. வாய் திறந்து கேட்ட பிறகுதான் கணக்கில் வந்தது.

கடைசியில் நான் வியோஸ் பக்கம் சாய்ந்தேன், அதுவும் கீழ் மாடல். அம்மா சிரமமில்லாமல் ஏறி இறங்கினார் என்பது முதல் காரணம். அதன் 2என்ஆர்-விஇ இயந்திரம்தான் பெரோடுவாவின் 1.5 மைவியிலும் அல்சாவிலும் ஓடுகிறது என்பது இரண்டாவது. உத்தரவாதம் முடிந்த பிறகு ஒவ்வொன்றுக்கும் ஈப்போவுக்கு ஓட வேண்டாம். எங்கள் ஊர்ப் பட்டறைக்காரர் தினமும் கை வைக்கிற சாமான். சிட்டிக்காரர்கள் கோபப்படாதீர்கள், ஓட்ட உங்களுடையதுதான் ஜோர்.

முன்பணம் கட்டியாச்சு. கலர்தான் இன்னும் முடிவாகவில்லை. மகளுக்கு வெள்ளைதான் வேண்டுமாம். "செம்மண் ரோட்டுல வெள்ளையா? யாரு கழுவுறது?" என்கிறார் அம்மா.